இடது பக்கத்துப் பாயிண்டு

மூன்றாவது செட்டுக்கு விசில் ஊதும் முன் சண்முகக்கனி தன் இடது தோளிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள், இன்னும் பதினஞ்சே பாயிண்டு, பல்லைக் கடிச்சுக்கோ. அம்பயர் ஸ்டாண்டின் இரும்புத் தகடு மாலை நாலு மணிக்கும் சுட்டது, கான்வாஸ் ஷூவைத் தாண்டிச் சுட்டது, அந்தச் சூடுகூட அவளுக்குப் பிடித்திருந்தது. எட்டு மாசம் கழித்து இந்த உயரம். கண்ணுக்கு நேராக வலையின் வெள்ளைப் பட்டை, அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆறாறு பெண் பிள்ளைகள், இடது பக்கம் ரயிலடிப் பள்ளி மஞ்சள் சட்டை, வலது பக்கம் மேட்டுப்பட்டிப் பள்ளி நீலச் சட்டை, ஆளுக்கொரு செட் ஜெயித்துவிட்டு, மண்டல சாம்பியன் யார் என்று தீர்க்கப்போகிற கடைசி செட்டுக்காக முட்டியைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பள்ளிக்கூடத்து மைதானத்தைச் சுற்றி நிற்கக்கூட இடமில்லை, காம்பவுண்டுச் சுவரில் வரிசையாகக் கால்கள் தொங்கின, எங்கேயோ ஒருவன் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். எதிரே, வலைக்கம்பத்தின் அந்தப் பக்கம், கீழே நின்ற இரண்டாவது அம்பயர் செபாஸ்டியன் சார் கட்டைவிரலைத் தூக்கி, தயாரா டீச்சர் என்று கேட்டார். கனியும் கட்டைவிரலைத் தூக்கினாள், வலது கட்டைவிரல். நெஞ்சு படபடவென்று அடித்தது. அடிக்கட்டும். இடது காலர் எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் தீப்பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கிற பேஸ்மேக்கர் கருவியும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். நெஞ்சு வேகமா அடிச்சா இது ஒண்ணும் பண்ணாதும்மா, உங்க இதயம் மெதுவாகி நிக்கப் பாத்தா மட்டும்தான் தட்டி எழுப்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியென்றால் இன்றைக்கு அதற்கு வேலையே இல்லை, நீயும் சும்மா உட்கார்ந்து மேட்ச் பாரு. ஊதினாள். விசில் சத்தம் தன்னுடையதுதானா என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம், அவ்வளவு கூர்மையாகப் போயிற்று.

மஞ்சளின் முதல் சர்வீஸ் வலையை உரசிக்கொண்டு போய் நீலத்தின் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் தரையைத் தொட்டது, நீயா நானா என்று இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றுவிட்டன. பாயிண்டு மஞ்சளுக்கு. மஞ்சள் இடது பக்கம். இடது பக்கத்துக்குப் பாயிண்டு என்றால் இடது கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டிக் காட்ட வேண்டும், இருபத்தாறு வருஷமாக யோசிக்காமல் செய்த காரியம், மூக்கைச் சொறிவது மாதிரி. இப்போது அது ஒரு பயணம். முழங்கை வரைக்கும் சொன்ன பேச்சைக் கேட்கும். அதற்கு மேல் தோள்மூட்டுக்குள் யாரோ சிமெண்டு பூசி வைத்தது மாதிரி ஒரு இடம் வரும், அங்கே கை நிற்கும், கை நின்றதும் தோள் முழுசாகக் காதை நோக்கி எழும்பும், பார்க்கிறவர்களுக்கு எனக்கென்ன போச்சு என்று தோளைக் குலுக்குகிற மாதிரி இருக்கும். முதல் இரண்டு செட்டிலும் அப்படித்தான் ஓட்டினாள், உடம்பைக் கொஞ்சம் சாய்த்து, விரல்களை விறைப்பாக நீட்டி, அரைக் கையை முழுக் கையாக ஏமாற்றி. சுவர் மேலிருந்து ஒரு குரல், டீச்சர், சரியாக் காட்டுங்க, யாருக்குப் பாயிண்டு? சிரிப்பு. காட்டுறேன்டா, காட்டுறேன். வலி ஒரு சூடான கம்பி மாதிரி மேற்கையில் இறங்கி முழங்கையில் நின்றது. கம்பி. எல்லாம் இந்தக் கம்பியால் வந்ததுதான். இதயத்துக்குள்ள ரெண்டு மெல்லிசு வயர் போகுது, ஆறு வாரத்துக்கு இடது கையைத் தோளுக்கு மேல தூக்காதீங்க, கம்பி இடம் மாறிடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அதைக் கேட்டது அவள் மட்டுமில்லை, அவள் புருஷன் தங்கப்பாண்டியும் கேட்டார். மின்வாரியத்தில் முப்பது வருஷம் வயர்மேன். கம்பி சமாச்சாரமெல்லாம் எனக்குத் தெரியும் கனி, இழுபட்டாத்தான் வம்பு, தொய்வா விட்டா நூறு வருஷம் கிடக்கும் என்று சொல்லி, அவளுடைய நீலத் துப்பட்டாவை மடித்து, கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அவ்வளவு பிரியமாகக் கட்டினார். ஆறு வாரம் முடிந்தும் அவிழ்க்கவில்லை, எதுக்கு வம்பு, இன்னும் பத்து நாள் என்றார், அவளும் ஆமா எதுக்கு வம்பு என்றாள், பத்துப் பத்து நாளாக மூன்றரை மாசம் போயிற்று. பயந்தது அவரா நானா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில், நேராக நில் என்று ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணை இருட்டி விழுந்தவள் அவள். மண் வாய்க்குள் போனது ஞாபகம் இருக்கிறது. அப்படி ஒருமுறை விழுந்தவளுக்கு ஒரு முழத் துப்பட்டாவில்தான் உயிர் தொங்குகிறது என்று சொன்னால் நம்பத்தான் செய்வாள். இரண்டு-ஒன்று. மூன்று-இரண்டு. விசில். சர்வீஸ்.

துப்பட்டாவை அவிழ்த்த அன்றைக்குக் கை கீழேயே நின்றது. தலைக்கு மேல் போகவில்லை, முதுகுக்குப் பின்னால் போகவில்லை, ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை, தலை பின்ன முடியவில்லை. தங்கப்பாண்டி சீப்பை எடுத்துக்கொண்டு வந்து, மூணு கேபிளை முறுக்குற மாதிரிதானே என்று பின்னிவிட்ட சடை நாள் பூராவும் அவிழாது, ராத்திரி அவிழ்க்க எண்ணெய் வேண்டும். பிசியோதெரபி நஸ்ரின் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கினாள் பார், கனிக்குக் கண்ணில் பொறி பறந்தது. அய்யோ விடு, வயர் அறுந்துரும்! அக்கா, வயர் எங்க இருக்கு, மூட்டு எங்க இருக்கு, உங்க வயர் அந்தப் பக்கம் குளுகுளுன்னு தூங்குது, உறைஞ்சு போனது இந்த மூட்டோட உறை, ஆட்டாம வச்சா இதுதான் கதி. தவிட்டு ஒத்தடம், கப்பிக் கயிறு, அப்புறம் சுவரில் விரல்களை எறும்பு மாதிரி நடக்கவிட்டு மேலே மேலே ஏறுவது. இடுப்பு, விலா, மார்பு, அங்கே நின்றுவிடும் எறும்பு. இன்னும் ஒரு விரல் அக்கா, ஒரே ஒரு விரல். விரல் ஏறும். ஏறும்போது மனசுக்குள் ஒரு கம்பி மெல்ல மெல்ல இழுபடுகிற சத்தம் கேட்கும், நிஜமாகவே கேட்கும், டங்கென்று விறைக்கும், அவள் கையை இறக்கிவிடுவாள். வலியாலா இறக்கினீங்க, பயத்தாலா என்று நஸ்ரின் கேட்பாள், தினமும் கேட்பாள். போன வாரம் கருவியைச் சோதித்த டாக்டர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். கம்பியெல்லாம் ஒட்டிப் பிடிச்சாச்சும்மா, எப்பவோ பிடிச்சாச்சு, கையைத் தூக்குங்க, எல்லாத்துக்கும் தூக்குங்க, நான் சொன்னது ஆறு வாரம், நீங்க எடுத்துக்கிட்டது அரை ஆயுசு. பக்கத்தில் நின்ற தங்கப்பாண்டியின் முகம் சுருங்கிப்போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில், நான்தான் கனி கட்டிவச்சேன் என்றார் ஒருமாதிரிக் குரலில். அதற்கு அவள் செபாஸ்டியன் சாருக்குப் போன் போட்டதுதான் பதில். சார், மண்டல ஃபைனலுக்கு என் பேரைப் போடுங்க. டீச்சர், முடியுமா, கீழ ரெண்டாவது அம்பயரா நிக்கிறீங்களா? மேல. மேலதான் நிப்பேன். நான்கு-நான்கு. சின்னப் பிள்ளைகள் எப்படி ஆடுகிறார்கள், அடடா, அந்த நீலச் சட்டை எட்டாம் நம்பர் காற்றில் ஏறி நின்ற அழகைப் பார். அடி. மஞ்சள் எடுத்துவிட்டது! எப்படி எடுத்தாள், விழுந்து, ஒற்றைக் கையால், புழுதியோடு புழுதியாக! திருப்பி அடி. ஐந்து-நான்கு மஞ்சள். கை. இடது கை. சிமெண்டு. தோள் காதுக்கு. சரி, காட்டியாயிற்று.

அதற்கடுத்த பாயிண்டில்தான் அது நடந்தது. மஞ்சளின் கேப்டன், பந்தைத் தூக்கிக்கொடுக்கிற நெட்டைப் பெண், பின்னோக்கிச் சாய்ந்து பந்தை விரல்களால் வாங்கி விட்டாள், கனி ஊதினாள், வலது கை நீலத்தின் பக்கம் அம்பு மாதிரி நீண்டது, அடுத்து இரண்டு விரல். டபுள் டச். பந்து விரல்களில் இரண்டு தடவை பட்டது. ஐந்து-ஐந்து. கேப்டன் பெண் வலைக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்து, டீச்சர், ஒரே டச்சுதான் டீச்சர் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள், கண் மட்டும் கலங்கியிருந்தது. போம்மா, ஆடு. அவள் போய்விட்டாள், ஆனால் அந்த வாக்கியம் போகவில்லை, ஸ்டாண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. ஒரே டச்சுதானா. நான் பார்த்தேனா. பந்து விரலைவிட்டுப் போகும்போது சுழன்றது, சுழன்றால் இரண்டு தடவை பட்டிருக்கும், ஆனால் சுழல்வது தப்பில்லை, படுவதுதான் தப்பு, அதை நான் பார்த்தேனா, இல்லை எதிர்பார்த்தேனா. அப்போதுதான் அந்த யோசனை வந்தது, வந்து சட்டைக்குள் புகுந்த பூச்சி மாதிரி ஊர்ந்தது. ஊதியது யார். இந்த செட்டில் மஞ்சளுக்குப் பாயிண்டு என்றால் வலி, நீலத்துக்குப் பாயிண்டு என்றால் வலி இல்லை. எந்தச் சட்டை நின்றாலும் இடப்பக்கத்துப் பாயிண்டுக்குத்தான் வலி என்று, இரண்டு செட்டாக, முக்கால் மணி நேரமாக, உடம்பு கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்திருக்காதா. சந்தேகமான பந்து வருகிறது, கண்ணிமைக்கிற நேரம்தான், அந்த நேரத்தில் கண் ஒன்று சொல்லும், தோள் ஒன்று சொல்லும், விசில் வாயில் இருக்கிறது, வாய் யார் பேச்சைக் கேட்டது? இருபத்தாறு வருஷத்தில் அவளை முசுடு என்று சொல்லியிருக்கிறார்கள், ஒரு ஊரில் ஸ்டாண்டைச் சுற்றி நின்று இறங்கவிடாமல்கூட வைத்திருக்கிறார்கள், ஒரு ஆளும் பக்கம் சாய்ந்தவள் என்று சொன்னதில்லை. விழுந்தபோதுகூட இவ்வளவு பயமில்லை, அது இருட்டு, சட்டென்று முடிந்துவிட்டது. இது வெளிச்சத்தில், ஐந்நூறு பேருக்கு நடுவில், அந்த நெட்டைப் பெண்ணின் முகத்தோடு. இறங்கிவிடலாமா? செபாஸ்டியன் சாரைக் கூப்பிட்டு, எனக்கு முடியலை என்று சொன்னால் நொடியில் மேலே ஏறிவிடுவார், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், பாவம் ஹார்ட் பேஷண்ட் என்பார்கள். பாவம். அந்தச் சொல்லை நினைத்ததும் பல் கடித்துக்கொண்டது. ஆறு-ஆறு. இல்லை, இறங்கக் கூடாது, சரிக்கட்டவும் கூடாது. இப்போது மஞ்சளுக்கு ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று உள்ளே ஒன்று சொல்கிறது பார், அது அதைவிட மோசம். பந்தைப் பார். பந்தை மட்டும் பார் கனி.

நீலம் எட்டு, மஞ்சள் ஏழு. கடைசி செட்டில் எட்டு வந்ததும் பக்கம் மாற வேண்டும். ஒரு கையை முன்னாலும் ஒரு கையைப் பின்னாலும் வளைத்துச் சுழற்றிக் காட்ட வேண்டும், பின்னால் போகிற வேலையை வலது கைக்குக் கொடுத்துத் தப்பித்தாள். பிள்ளைகள் வரிசையாக வலைக்கம்பத்தைச் சுற்றி ஓடின, மஞ்சள் வலப்பக்கம் வந்தது, நீலம் இடப்பக்கம். ஆகா, இனி வலி நீலத்துக்கு! சிரிப்பு வந்தது, விசிலைக் கடித்து அடக்கினாள். இந்த ஆட்டத்தின் சட்டத்தை எழுதினவன் புத்திசாலி, வெயிலுக்கும் காற்றுக்கும் அம்பயரின் தோளுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறான். ஆனால் பக்கம் மாறியதால் பழைய சந்தேகம் தீர்ந்துவிடவில்லை, அதுவும் கூடவே மாறி வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்பது-எட்டு. பத்து-பத்து. எண்ணெய் டின் தாளம் நின்றுபோய் வெறும் இரைச்சலானது, சுவரில் இருந்தவர்கள் உள்ளே குதித்து கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றார்கள், செபாஸ்டியன் சார் இரண்டு கைகளாலும் தள்ளித் தள்ளி விட்டார். கனிக்கு வேர்த்து ஊற்றியது, உள்ளங்கால் சுட்டது, இதையெல்லாம் தாண்டி உள்ளே ஒரு குதூகலம், பதினாறு வயசில் இதே மாதிரி மண்ணில் அடித்து விழுந்து எழுந்த பெண்ணின் குதூகலம், நான் இருக்கிறேன், நான் செத்துப்போகவில்லை, இந்தப் பந்து என் கண்ணுக்கு முன்னால்தான் போகிறது. பன்னிரண்டு-பன்னிரண்டு. நீலத்துக்குப் பாயிண்டு, இடது கை, பாதி. மஞ்சளுக்குப் பாயிண்டு, வலது கை, முழுசு. பதின்மூன்று-பதின்மூன்று. நீலத்தின் அடி வலையில் மாட்டியது. மஞ்சள் பதினாலு. இன்னும் ஒன்றே ஒன்று. மஞ்சள் பிள்ளைகள் ஒருத்தி கையை ஒருத்தி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள், அவர்களுடைய ஞானதுரை சார் பெஞ்சில் உட்கார மாட்டாமல் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். விசில்.

சர்வீஸ் போயிற்று, நீலம் வாங்கியது, தூக்கிக்கொடுத்தது, எட்டாம் நம்பர் ஓடிவந்தாள், ஏறினாள், எதிரே மஞ்சளில் ஒரு பெண், ஒல்லியான பெண், பதினொன்றாம் நம்பர், பந்தைத் தடுக்க இரண்டு கைகளையும் விரித்து வலைக்கு மேலே எழும்பினாள், அடி, பந்து அந்த விரல்களைத் தாண்டிப் பறந்து பின்கோட்டுக்கு ஒரு கஜம் தள்ளி மண்ணில் விழுந்து எழும்பியது. அவுட்! மைதானமே அவுட் என்று கத்தியது. மூலையில் நின்ற லைன் அம்பயர் கொடியை மேலே தூக்கிவிட்டார். மஞ்சள் சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கட்டிக்கொண்டன, ஞானதுரை சார் துண்டை வானத்தில் எறிந்தார், சுவர்க் கூட்டம் கோட்டைத் தாண்டிவிட்டது. கனி ஊதிவிட்டாள், கையை இன்னும் காட்டவில்லை. ஏனென்றால் அவள் பார்த்திருந்தாள். இந்தத் தடவை பார்த்திருந்தாள், சந்தேகமே இல்லாமல், அவள் கண்ணிலிருந்து நாலடி தூரத்தில் பந்து பதினொன்றாம் நம்பரின் இடது சுண்டுவிரலை உரசிப் போனது, விரல் பின்னால் வளைந்து மீண்டது, அந்தப் பெண்ணின் உதடுகூடச் சுளித்தது. பிளாக்கில் பட்டு வெளியே போன பந்து. பாயிண்டு நீலத்துக்கு. வேறு யாருக்கும் தெரியாது, செபாஸ்டியன் சாருக்கு அந்தக் கோணத்தில் தெரிய வழியில்லை. வலது கை தயாராகத்தான் இருந்தது, நீட்டினால் முடிந்தது, மேட்ச் முடியும், சந்தோஷம் முடியாது, அந்தக் கேப்டன் பெண்ணுக்கும் ஒரு கடன் தீர்ந்த மாதிரி இருக்கும், வலிக்கவும் வலிக்காது. எல்லாம் ஒரே பக்கம் நின்று வா வா என்றன. கண் மட்டும் தனியாக மறுபக்கம் நின்றது. அவள் மறுபடியும் ஊதினாள், நீளமாக, இடைவிடாமல், கட்டிக்கொண்டு விழுந்தவர்கள் எழுந்து திரும்பிப் பார்க்கிறவரைக்கும் ஊதினாள், ஐந்நூறு பேருக்கும் தெரிகிற மாதிரிக் காட்டியாக வேண்டும், இந்த இடத்தில் அரைக் கை போதாது, அரைக் கையைக் காட்டினால் அடிதடிதான் நடக்கும், நீட்டு, நீட்டினாள், சிமெண்டு வந்தது, எறும்பு நின்ற இடம் வந்தது, கம்பி விறைக்கிற அந்தச் சத்தத்துக்காக ஒரு நொடி காதைக் கொடுத்தாள், சத்தமே இல்லை, எங்கும் ஒரு சத்தமும் இல்லை, உள்ளே ஏதோ பழைய துணி கிழிகிற மாதிரி ஒன்று நடந்தது, கை தோள் உயரத்தைத் தொட்டு, தாண்டி, நீலத்தின் பக்கமாக விறைத்து நின்றது. அப்படியே நிறுத்திவைத்தாள். பிறகு அதே கையின் விரல்களை நிமிர்த்தி, வலது உள்ளங்கையால் விரல் நுனிகளைத் தடவிக் காட்டினாள், டச், பிளாக் டச். அதற்கப்புறம்தான் வலி வந்து சேர்ந்தது, பஸ்ஸைத் தவறவிட்டவன் ஓடிவருகிற மாதிரி, மூச்சிரைத்துக்கொண்டு. கண்ணில் தண்ணீர் முட்டியது. பதினாலு-பதினாலு.

இரைச்சல், ஏச்சு, யாரோ எறிந்த தண்ணீர்ப் பாக்கெட் ஸ்டாண்டில் பட்டு உடைந்தது, செபாஸ்டியன் சார் கூட்டத்தைக் கோட்டுக்குப் பின்னால் தள்ளினார். கனி காத்திருந்தாள். கருவி இருக்கிற இடத்தை வலது கையால் தொட்டுப் பார்க்கத் தோன்றியது, தொடவில்லை, தொட்டால் பாவம் என்பார்கள். விசில். நீலத்தின் சர்வீஸ், மஞ்சள் பிள்ளைகளுக்குக் கால் ஓடவில்லை, பந்து நேராக மண்ணில் இறங்கியது. இடது கை. வலித்தது, போயிற்று. பதினைந்து-பதினாலு, ஜெயிக்க இரண்டு பாயிண்டு முன்னால் இருக்க வேண்டும். மறுபடி சர்வீஸ், மஞ்சள் எடுத்து, கேப்டன் பெண் அழகாக, ஒரே டச்சில், யாரும் குறை சொல்ல முடியாதபடி தூக்கிக்கொடுத்தாள், அடித்தவள் அவசரப்பட்டு வலையில் அடித்தாள். பதினாறு-பதினாலு. இடது கை. இந்தத் தடவை கை என்ன உயரத்தில் இருக்கிறது என்று அவள் பார்க்கக்கூட இல்லை. நீலச் சட்டைகள் கத்தியபடி ஓடின, மஞ்சள் சட்டைகள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டன, அதைப் பார்த்ததும் கனிக்கு நீலத்தின் அந்த ஐந்தாவது பாயிண்டு நினைவு வந்தது, அந்த டபுள் டச், அதற்குப் பதில் கிடைக்கப்போவதில்லை, வீட்டுக்கும் கூடவே வரும், வரட்டும், வைத்துக்கொள்கிறேன். இறங்குவதற்குள் ஞானதுரை சார் ஸ்டாண்டுக்குக் கீழே வந்துவிட்டார், பின்னால் பாதிக் கூட்டம், அவர் இடுப்புக்குப் பின்னால் ஒதுங்கி அந்தப் பதினொன்றாம் நம்பர் பெண், சுண்டுவிரலை மற்ற கைக்குள் பொத்திவைத்துக்கொண்டு, தலை நிமிராமல். கனி அந்தக் கையைப் பார்த்தாள், பார்த்ததை யாரும் பார்ப்பதற்குள் கண்ணை எடுத்துக்கொண்டாள். என்ன டீச்சர் இது அநியாயம், என்றார் ஞானதுரை சார், முகமெல்லாம் சிவந்து, மேட்ச் பாயிண்டுல நிறுத்திட்டு, ஒண்ணா ரெண்டா, மூணு பாயிண்டு வரிசையா, நானும் பாக்குறேன், ஊருக்கே தெரியுது, உங்களுக்கு இடது கை மட்டும்தான் மேல போகுது! அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது, அடக்க அடக்கத் தோள் குலுங்கியது, இரண்டு தோளும், கண்ணில் நின்ற தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. ஞானதுரை சார் திகைத்துப்போய், டீச்சர், என்னாச்சு, உடம்புக்கு ஏதும் பண்ணுதா என்றார் பதறிய குரலில். ஒண்ணுமில்ல சார், என்றாள் கனி, மூச்சுப் பிடித்துக்கொண்டு. இப்பச் சொன்னீங்களே சார், கடைசியா, அதை இன்னொரு தடவை சொல்லுங்க.